குரங்கினத்தைக் கொன்றொழித்தல் தீர்வாகுமோ?

தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என்னும் மூன்றன் பெண்பாலுக்கும் மந்தி என்னும் பெயரை உரிமையாக்கிற்று. இனம் பிரித்துப் பெயர் வகுக்குமளவிற்கு அவ்விலங்குகளைப் பண்டைத் தமிழர் நுணுகி நோக்கினர் என்பது இதனாற் புலனாகும். அந்நோக்கு இக்காலத்தே நம்மிடம் குன்றிவிட்டது. குரங்கினாற் கேடு விளைந்தவிடத்து, 'கொன்றுவிடுக' என்னும் ஒரு சொல்லே முதலில் எழுகின்றது. அச்சொல் ஆராயத்தக்கது.

மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில், கண்டி – யாழ்ப்பாணப் பெருஞ்சாலையை அடுத்துள்ளது அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற குகைக்கோயில் என அதனை உலகம் அறியும். கற்பாறையும் மரச்செறிவும் வாசனைத்திரவியத் தோட்டமும் மனையும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் இத்தகைய நிலமே செங்குரங்கிற்கு மிக ஏற்றது. சிங்களத்தில் 'ரிலவா' எனப்படும் இக்குரங்கு இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் இயல்பாக வாழ்வதில்லை. 1771 ஆம் ஆண்டில் லின்னேயசு இதற்குச் 'சீனத்தது' என்னும் பொருள்படச் 'சினிக்கா' எனப் பெயரிட்டது வியப்பே. அதனினும் வியப்பு, 2023 ஆம் ஆண்டில் இவற்றுள் ஓர் இலட்சத்தைச் சீனத்துக்கு அனுப்பும் எண்ணம் அமைச்சர் ஒருவரால் அறிவிக்கப்பட்டமை. சூழலியலார் வழக்குத் தொடர, அத்தகைய ஏற்றுமதி நிகழாதென அரசு தரப்பு நீதிமன்றத்தில் உரைத்தது.

உழவர் முறையீட்டைப் பொய்யென்று ஒதுக்குவார் இவ்விவாதத்தில் இடம்பெறத் தகாதார். குரும்பையும் வாழையும் காய்கறியும் ஒரு காலைப்பொழுதில் அழிவதைக் கண்டு நிற்கும் சிறுதோட்டக்காரனுக்கு அஃது ஆண்டு முழுவதன் உழைப்பு. பல ஊர்களில் தென்னை நடுதலையே கைவிட்டோர் உளர். ஆகவே வினா, இழப்பு உண்டோ இல்லையோ என்பதன்று. கொலை அவ்விழப்பை நீக்குமோ என்பதே.

நீக்காது என்பதற்குக் காரணம் அவ்விலங்கின் வாழ்க்கையமைப்பிலேயே உளது. பொலன்னறுவைக் காட்டில் 1968 ஆம் ஆண்டு முதலாக வொல்ப்காங் டிட்டசு என்னும் அறிஞர் செங்குரங்குகளைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்துள்ளார். கூட்டத்தின் நிலைத்த உறுப்பு தாய்வழிப் பெண்களே. ஆண்கள் பருவம் எய்தியதும் பிறந்த கூட்டத்தை விட்டு நீங்குவன. தாயின் தகுதிநிலை மகளுக்கு வரும். ஒரு பேற்றிற்குக் குட்டி ஒன்றே. காட்டில் உணவு அளவாகவே கிடைத்தலின், பிறந்த குட்டிகளுட் பெரும்பாலானவை முழுவளர்ச்சி எய்துமுன் மடிகின்றன. தாழ்நிலைப் பெண்களும் அவற்றின் குட்டிகளும் முதலில் நலிவன. இவ்வாறு தொகையை வரையறுப்பது வேடனல்லன், உணவே.

இனி, குப்பைமேட்டிலும் கடைத்தெருவிலும் யாத்திரைத் தலத்திலும் சோறும் பழமும் தடையின்றிக் கிடைப்பின் யாது நிகழும்? இறக்கவேண்டிய குட்டி பிழைக்கும். பத்தைக் கொன்றால் எஞ்சியவற்றின் பங்கு மிகும். அவை முன்னினும் செழித்து ஈனும். அயற்கூட்டமும் வெற்றிடத்தில் வந்து புகும். தலைமைப் பெண்கள் வீழ்ந்தவிடத்துக் கூட்டம் பிளவுண்டு, ஒன்று இரண்டாகித் திரிதலும் கூடும். பிடித்து வேறிடத்தே விடுதலும் இத்தன்மைத்தே. ஓர் ஊரின் தொல்லையை அடுத்த ஊரார் தலையிற் கட்டுவதன்றி வேறில்லை.

பிற நாட்டு அனுபவமும் நோக்கத்தக்கது. இமாசலப் பிரதேசத்தில் 2004 ஆம் ஆண்டிற் குரங்குகள் ஏறத்தாழ 3 இலட்சத்து 17 ஆயிரம். 2015 இல் அவை 2 இலட்சத்து 7 ஆயிரமாயின. கருத்தடைப் பணியே அக்குறைவுக்கு முதற்காரணம் என அம்மாநில வனத்துறை கூறும். 2016 இல் சிம்லா நகரில் அவற்றைத் தீங்குயிராக அறிவித்துக் கொல்ல இசைவளித்தபோது, குரங்கைத் தெய்வத்தன்மையுடன் நோக்கும் மக்கள் பெரும்பாலும் முன்வந்தாரல்லர். மக்கள் மனம் ஒவ்வாத சட்டம் ஏட்டளவில் நிற்கும். ஆட்சியாளர் இதனை எண்ணிப்பார்ப்பதில்லை போலும். தென்னாபிரிக்கக் கேப் டவுனிலோ, பபூன் என்னும் பெருங்குரங்கினின்று குடியிருப்பைக் காக்கக் காவலரும் வேலியும் பயன்படுகின்றனர். பூட்டிய குப்பைத்தொட்டியும் ஆங்கு ஒரு முறையே.

நம் நாட்டிலும் 2025 ஆம் ஆண்டில் மாத்தளை மாவட்டத்தை முன்னோடியாகக் கொண்டு கருத்தடைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு 15 ஆம் நாள் காலை 8 மணி முதல் ஐந்து நிமிடம், நாடெங்கும் தத்தம் காணியிற் கண்ட குரங்கு, மயில் முதலியவற்றை மக்களே எண்ணினர். ஐந்து நிமிடத்தில் மரத்தின்மேல் ஓடும் உயிரை எண்ணுவது எளிதன்று. ஒரே கூட்டம் அடுத்தடுத்த இரு காணிகளில் எண்ணப்பட்டிருத்தலும் கூடும். எனினும் துப்பாக்கிக்கு முன் கணக்கைத் தேடியது நன்றே.

கருத்தடை விரைவிற் பயன் தருவதன்று. அறுவை பெற்ற மந்தியும் தன் ஆயுள் முடியுமட்டும் தோட்டத்துக்கு வரும். கூட்டத்துப் பெண்களுட் பெரும்பகுதிக்குச் செய்தாலன்றித் தொகை இறங்காது. அந்த இடைக்காலத்தை உழவன் எவ்வாறு கடப்பான்? பயிரிழப்புக்கு ஈடு, காவலுக்குக் கூலி, வேலிக்கு உதவி ஆகியன பிரதேச சபைகளின் குப்பை அகற்றும் ஒழுங்குடன் ஒருங்கே வருதல் வேண்டும். தலங்களிற் புண்ணியங் கருதி உணவு எறியும் வழக்கத்தையும் விகாரையாரும் கோயிலாரும் தாமே நிறுத்துவிக்கலாம். அதற்குச் சட்டமோ பெரும்பொருளோ தேவையில்லை, வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகையும் அதனைச் சுட்டிக்காட்ட ஓர் ஆளும் போதும்.