நூறு எம்பிபிஎஸ் லைனும் ஒரு ஃபிளாப்பியும்

ஐரோப்பாவில் இருக்கும் பையர் அனுப்பும் லோகோ, திருப்பூர் பனியன் கம்பெனியின் மெயிலுக்கு நொடியில் வந்துவிடும். கம்பெனி அதைப் பஞ்சிங் போடுகிறவருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடும். அவர் படத்தைத் தையல்களாகப் பிரித்து, டிஎஸ்டி ஃபைலாக்கி எம்பிராய்டரி ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு அனுப்புவார். இதுவரைக்கும் ஃபைபர் வேகம்தான். யூனிட்டில் நிற்பது பழைய மெஷின் என்றால், கடைசிப் பத்தடி தூரத்துக்கு மட்டும் மூன்றரை அங்குல ஃபிளாப்பி வேண்டும்.

இந்த இரண்டு வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போனால் முதலில் கணக்கு இடிக்கும். “ஏனுங்க, நூறுன்னு சொல்லித்தானே லைன் குடுத்தீங்க, பன்னண்டுக்கு மேல ஏறவே மாட்டேங்குதுங்களே” என்று லைன் போட்டவரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. ஏமாற்று எதுவும் இல்லை. நெட்வொர்க் வேகம் பிட் கணக்கில் சொல்லப்படுகிறது. டிஸ்க் வேகமும் ஃபைல் அளவும் பெரும்பாலும் பைட் கணக்கில். ஒருவர் பீஸை எண்ணுகிறார், மற்றவர் எட்டு பீஸ் போட்ட பெட்டியை எண்ணுகிறார். 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். அவ்வளவுதான்.

ஃபிளாப்பி டிரைவின் வேகம் நொடிக்கு 500 கிலோபிட். எட்டால் வகுத்தால் 62.5 கிலோபைட் வரவேண்டும். ஆனால் கைக்கு அவ்வளவு வராது. டிஸ்க் நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது நொடிக்கு ஐந்து சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றில் 18 செக்டார்; செக்டாருக்கு 512 பைட். பெருக்கினால் நொடிக்கு 46,080 பைட்தான். மிச்சமெல்லாம் செக்டார்களுக்கு நடுவே விடும் இடைவெளிக்கும் அடையாளக் குறிகளுக்கும் போய்விடுகிறது. முழு ஃபிளாப்பியில் இருப்பது 14,74,560 பைட். அதைப் படிக்கக் குறைந்தது 32 நொடி. 100 எம்பிபிஎஸ் லைனில் அதே சரக்கு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் வந்துவிடும். (அட்டையில் அச்சிட்ட 1.44 எம்பி என்பதே ஒரு கலப்படக் கணக்கு: ஒரு பக்கம் ஆயிரத்தாலும் இன்னொரு பக்கம் 1024-ஆலும் பெருக்கி வந்தது.)

இதைக் கேட்டதும் ஃபிளாப்பியைத் தூக்கி எறியத் தோன்றும். பொறுங்கள். டிஎஸ்டி என்பது ஜப்பானின் தாஜிமா நிறுவன மெஷின்களுக்காக வந்த ஃபைல் வகை. அதில் ஒரு தையலுக்கு மூன்றே பைட். தலைப்புக்கு 512 பைட். பத்தாயிரம் தையல் உள்ள லோகோ என்றால் 30,512 பைட். ஃபிளாப்பியின் ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால்கூட சில நொடியில் ஏறிவிடும். நிமிடத்துக்கு 800 தையல் போடும் மெஷின் அந்த லோகோவைத் தைத்து முடிக்கவோ பன்னிரண்டரை நிமிடம் ஆகும். வேகத்தில் ஃபிளாப்பியால் ஒரு நஷ்டமும் இல்லை.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. பனியன் துணியும் நூலும் புழங்கும் இடத்தில் பறக்கும் பஞ்சு, டிரைவ் வாய் வழியாக உள்ளே போய் ஹெட்டில் ஒட்டும். புது ஃபிளாப்பி வாங்கலாம் என்றால், சோனி நிறுவனமே 2011 மார்ச்சோடு ஜப்பானில் விற்பனையை நிறுத்திவிட்டது. அதனால்தான் டிரைவைக் கழற்றிவிட்டு எமுலேட்டர் மாட்டுகிறார்கள். அதே 34 பின் கேபிள், முகப்பில் பென் டிரைவ் சொருக ஒரு துளை, எண்ணை மாற்ற இரண்டு பட்டன். பென் டிரைவை அது 1.44 எம்பி அறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு அறையையும் ஒரு ஃபிளாப்பி என்று மெஷினை நம்பவைக்கும். மெஷினுக்குப் போகும் வேகம் மட்டும் பழைய 500 கிலோபிட்தான். ஆயிரம் அறை போட்டாலும் 16 ஜிபி பென் டிரைவில் நிரம்புவது ஒன்றரை ஜிபிகூட இல்லை.

வேகம் உண்மையிலேயே உதைப்பது ஆபீஸ் அறையில். பிரின்டிங் படங்கள், மார்க்கர் ஃபைல்கள், அக்கவுண்ட்ஸ் பேக்கப் எல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டரில் குவிந்திருக்கும். அதில் இருக்கும் ஐடிஇ டிஸ்க் ஏடிஏ-100 என்றால், அந்த நூறு மெகாபைட். நெட்வொர்க் கணக்கில் 800 மெகாபிட். ஐடிஇ-க்கு அடுத்து 2003-இல் வந்த முதல் சாட்டா டிஸ்க் இணைப்பில் 1.5 கிகாபிட் என்பதை எட்டால் வகுக்கக்கூடாது, பத்தால் வகுக்கவேண்டும். எட்டு பிட்டைப் பத்து பிட்டாக்கி அனுப்புவது அதன் வழக்கம். ஆகவே 150 மெகாபைட். கிகாபிட் நெட்வொர்க்கில் அந்தக் கழிவை முன்பே கழித்துவிட்டுத்தான் ஆயிரம் என்கிறார்கள். அங்கே எட்டு போதும், 125 மெகாபைட். இதெல்லாம் காகிதக் கணக்கு. பழைய டிஸ்க்கின் தட்டு 60 மெகாபைட் கொடுத்தாலே பெரிது.

அந்த 60-ஐயும் வீணாக்குவது பல இடங்களில் மேஜைக்கு அடியில் கிடக்கும் சுவிட்ச். 20 ஜிபி பேக்கப்பை 100 மெகாபிட் சுவிட்ச் வழியாக எடுத்தால் ஏறக்குறைய 27 நிமிடம். கிகாபிட் சுவிட்ச் மாற்றினால் அதே பழைய டிஸ்க்கில் ஆறு நிமிடத்துக்குள் முடியும்.

இன்டர்நெட் லைனை 300 எம்பிபிஎஸ் ஆக்குவதற்கு முன் அந்தச் சுவிட்ச்சைத் திருப்பிப் பாருங்கள். அதில் 10/100 என்று மட்டும் அச்சிட்டிருந்தால், 300-க்குப் பணம் கட்டினாலும் அதில் மாட்டிய ஒரு கம்ப்யூட்டருக்கு வரப்போவது அதே பன்னிரண்டரைதான்.