வாள் இல்லாத கடற்கொள்ளைக்காரி

சென்ற ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் இறுதி வாரத்தைச் சார்ஜாவில் எமது பெறாமகளின் வீட்டில் கழிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அவரது மூத்த மகளுக்கு வயது பத்து. அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துப் பிள்ளைகள் அனைவரும் ஹலோவீன் இரவன்று வேடமணிந்து வீடு வீடாகச் செல்வதென முடிவாகியிருந்தது. எனவே அவளுக்கு உடை வாங்குவதற்காக டுபாயிலுள்ள பேரங்காடியொன்றுக்குச் சென்றோம்.

அதன் வாயிலில் ஓர் அறிவிப்பு மாட்டப்பட்டிருந்தது. வருவோர் தோளும் முழங்காலும் மறையும்படி மரியாதையான உடை அணிதல் வேண்டும் என்பதே அதன் பொருள். ஐக்கிய அரபு அமீரகத்தின் பேரங்காடிகள் பலவற்றில் இத்தகைய அறிவிப்புக்கள் உண்டு. 2012 ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பெண்கள் இருவர், வெளிநாட்டவரின் உடை தமது பண்பாட்டை மதிப்பதாக அமையவேண்டும் என்று சமூக ஊடகத்தில் இயக்கமொன்றைத் தொடங்கியபோது இவ்விடயம் உலகெங்கும் பேசப்பட்டது.

அந்த அறிவிப்பைக் கடந்து முந்நூறு அடி நடந்திருப்போம். கடையொன்றில் ஹலோவீன் உடைகள் இரண்டு சுவர்களில் தொங்கின. ஒரு சுவர் ஆண்பிள்ளைகளுக்கு, மற்றையது பெண்பிள்ளைகளுக்கு. ஆண்பிள்ளைகளின் சுவரில் எலும்புக்கூடு, பேய், தீயணைப்பு வீரர், வைத்தியர், விண்வெளி வீரர், கடற்கொள்ளைக்காரர் ஆகியோர் இருந்தனர். பெண்பிள்ளைகளின் சுவரிலும் ஏறத்தாழ அவர்களே இருந்தனர்; ஆனால் அவர்களுடைய காற்சட்டைகள் குட்டைப் பாவாடைகளாகச் சுருங்கியிருந்தன, சட்டைகள் இடுப்பை இறுக்கும் கச்சுக்களாகியிருந்தன. வைத்தியரும் தீயணைப்பு வீரரும் பேயும் அவ்வாறே. அச்சமூட்டவேண்டிய சூனியக்காரியின் முகத்தில்கூட அச்சத்துக்குரியதெதுவும் இல்லை. அவள் உதட்டுச் சாயத்துடன் புன்னகைத்தாள்.

எமது பேத்தி கடற்கொள்ளைக்காரியின் உறையை எடுத்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். பின்னர், “பெரியம்மம்மா, பொடியன்களின்ர பெட்டிக்குள்ள வாள் இருக்கு. இதுக்குள்ள ஏன் இல்லை?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஹலோவீன் புலம்பெயர்ந்தோரின் பண்டிகை என்பதை எம்மவரிற் பலர் அறியார். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வாழ்ந்த கெல்ற்றிய மக்கள் கோடை முடிந்து இருண்ட காலம் தொடங்கும் நாளை சவின் என்ற பெயரிற் கொண்டாடினர். கிறிஸ்தவ சமயம் நவம்பர் 1 ஐச் சகல புனிதர்களுக்கும், நவம்பர் 2 ஐ மரித்தோருக்கும் உரிய நாட்களாக்கியபோது அதன் முன்னிரவு ஹலோவீன் ஆயிற்று. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் சேமக்காலைக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றும் அதே மரித்தோர் நாளின் உறவுதான் இது. 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்திலிருந்து தப்பிக் கப்பலேறிய அயர்லாந்து மக்கள் தமது வழக்கங்களையும் வட அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். ஊரிற் கிழங்கைக் குடைந்து விளக்குச் செய்தவர்கள், போன இடத்திற் பூசணிக்காயைக் குடைந்தனர். அகதியின் பெட்டிக்குள் இருந்து வந்த பண்டிகையை அகதிகளாகிய நாம் இழிவாகப் பேசுவதற்கில்லை.

இருபதாம் நூற்றாண்டில் வணிகர்கள் அதனைத் தமதாக்கினர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்தவர்களும் வேடமணிந்து விருந்துகளுக்குச் செல்லத் தொடங்கியதும் பெண்களுக்கெனக் கவர்ச்சி உடைகள் பெருகின. நாளடைவில் அதே உடைகளின் சிறிய அளவுகள் பதின்ம வயதினருக்கும், அவர்களிலும் இளையோருக்கும் இறங்கி வந்தன. 2015 இல் அமெரிக்கத் தாயொருவர் தம் குழந்தைக்குப் பொலிஸ் உடை தேடியபோது, ஆண்குழந்தைக்குரியது உண்மையான சீருடை போலவும் பெண்குழந்தைக்குரியது குட்டைப் பாவாடையாகவும் இருக்கக் கண்டு விற்பனை நிறுவனத்துக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். எந்தப் பெண் பொலிஸார் இப்படிக் கடமைக்குச் செல்கிறார் என்பதே அவரது கேள்வியின் சாரம்.

அமெரிக்க உளவியற் சங்கம் 2007 இல் இதுபற்றி அறிக்கையொன்றை வெளியிட்டது. ஒருவரின் மதிப்பு முழுவதும் அவரது உடற்கவர்ச்சியிலேயே தங்கியிருப்பதாகக் கருதுவதும், பிள்ளைகள் மீது அவர்களது வயதுக்கு ஒவ்வாத பாலியற் சாயலை வளர்ந்தவர்கள் சுமத்துவதும் தீங்கானவை என அது எடுத்துரைத்தது. அவ்வறிக்கை குறிப்பிடும் ஆய்வுகளுள் ஒன்று ஆசிரியத் தொழில் பார்த்த எமக்கு மறக்கவொண்ணாதது. 1998 இல் வெளியான அவ்வாய்வில், கல்லூரி மாணவர்கள் தனியறையிற் கண்ணாடி முன் நின்று சிலர் நீச்சலுடையையும் சிலர் கம்பளி மேற்சட்டையையும் அணிந்துகொண்டனர். அவ்வுடையுடனேயே கணிதப் பரீட்சை எழுதினர். நீச்சலுடை அணிந்த பெண்கள், மேற்சட்டை அணிந்த பெண்களைவிடக் குறைந்த புள்ளிகள் பெற்றனர். ஆண்களிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. அறையில் அவர்களைப் பார்ப்பதற்கு வேறெவரும் இருக்கவில்லை. தம்மைத் தாமே பிறர் கண்கொண்டு பார்த்ததிற் சிந்தனையின் ஒரு பங்கு செலவாகிவிட்டது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

வளைகுடா நாடுகள் இந்தப் பண்டிகையை எதிர்கொண்ட விதமும் சிந்திக்கற்பாலது. 2018 ஒக்டோபரில் ரியாத் நகரின் குடியிருப்பு வளாகமொன்றில் நடைபெற்ற ஹலோவீன் விருந்திற் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்கள் பலர் கைதாயினர். அயலவர் முறைப்பாடு செய்ததாகக் கூறப்பட்டது. மணவுறவற்ற ஆணும் பெண்ணும் பொதுவிடத்திற் சேர்ந்திருப்பதை அந்நாட்டுச் சட்டம் ஏற்பதில்லை என்று அவர்களது தூதரகம் தன் மக்களை எச்சரித்தது. நான்கு ஆண்டுகளின் பின், 2022 ஒக்டோபரில், அதே ரியாத்தில் ‘அச்ச வார இறுதி’ என்ற பெயரில் அரச ஆதரவுடன் விழா நடைபெற்றது. பயங்கர வேடமிட்டு வந்தோருக்கு அனுமதி இலவசம். நேற்றுக் குற்றமாயிருந்தது இன்று கொண்டாட்டமாயிற்று. மாறியது அரசின் கொள்கை; அதை மாற்றும்போது கைதான பெண்களிடம் எவரும் கருத்துக் கேட்டிருக்கமாட்டார்கள்.

எம்மவர் வீடுகளிலும் நிலைமை இதுவே. அன்று கடையிற் பேத்தியின் தந்தை, “இந்த வெட்கங்கெட்ட உடுப்பும் வேண்டாம், ஹலோவீனும் வேண்டாம், வீட்டை நட” என்று மகள் மீது சினந்தார். அந்த உடையைத் தைத்தவள் அவளல்லள். அதனைச் சுவரில் தொங்கவிட்டவளும் அவளல்லள். அவள் கேட்டது ஒரு வாள். வணிகர் அவளது உடலைப் பார்த்தார், தந்தையும் அவளது உடலையே பார்த்தார். ஒருவர் காட்டச் சொன்னார், மற்றவர் மறைக்கச் சொன்னார். அவள் யாராக வேடமிட விரும்பினாள் என்பது இருவர் காதிலும் விழவில்லை.

அந்தச் சுவரில் எம்மைத் திடுக்குறச் செய்த உடை வேறொன்று. வளர்ந்த பெண்களுக்கான வரிசையில், கறுப்புக் குட்டைச் சட்டை, வெள்ளை மேலங்கித் துண்டு, தலையில் வெள்ளைச் சுருக்கு, கையில் தூசி தட்டும் இறகு ஆகியவற்றோடு வீட்டுப் பணிப்பெண்ணின் வேடம் தொங்கியது. ஐரோப்பியச் செல்வர் வீடுகளின் பழைய பணிச்சீருடையை நகைச்சுவை நாடக மேடைகள் கேளிக்கைப் பொருளாக்கின. உடை வணிகர் அதனைக் கவர்ச்சி வேடமாக்கினர். அது தொங்குவதற்கு உலகில் எத்தனையோ இடங்கள் இருக்கலாம். ஆயின் டுபாயில் அதைக் கண்டபோது எம்மால் அப்பாற் செல்ல இயலவில்லை.

இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 இல் அமைக்கப்பட்டது. அதன் பின் பல ஆண்டுகளாக நாட்டைவிட்டு வேலைக்குச் சென்றோரிற் பெரும்பான்மையினர் பெண்களே. அவர்களுட் பெரும்பாலானோர் வளைகுடாவுக்குச் சென்ற வீட்டுப் பணிப்பெண்கள். கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் சென்ற எத்தனையோ தாய்மார் அவர்களுள் அடங்குவர். கதவு பூட்டிய வீட்டுக்குள், கடவுச்சீட்டு வேறொருவர் கையிலிருக்க, அந்தச் சீருடையை அணிந்து நிற்பது எத்தகைய அச்சம் என்பதை அவர்கள் அறிவர். வீட்டு எசமானின் கையை விலக்கிவிட்டு ஓடிவந்து தூதரக வாயிலில் நின்றவர்களின் கதைகள் எமது வாசகர்களுக்குப் புதியவையல்ல. அத்தகைய பெண்ணின் சீருடையை ஆசைக்குரிய விளையாட்டுடையாகத் தைத்து விற்பது, எசமானின் கைக்குச் சாட்சி சொல்வதற்கு ஒப்பாகும்.

சிறுமியை வளர்ந்தவளாக்கும் வணிகத்துக்கு இதனினும் கொடிய வடிவமும் உண்டு. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 1988 இற் பிறந்தவர் எனப் பிறப்புச் சான்றிதழ் கூறிற்று. 1982 இற் பிறந்தவர் எனக் கடவுச்சீட்டு கூறிற்று. அந்தக் கடவுச்சீட்டுடன் 2005 இற் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற அவர், தம் பொறுப்பிலிருந்த கைக்குழந்தையின் இறப்புக்காகக் குற்றவாளியாக்கப்பட்டு, 2013 ஜனவரி 9 இல் மரண தண்டனைக்கு உள்ளானார். உடைக்கடையையும் அந்தப் பெருந்துயரையும் நாம் ஒரே தராசில் வைக்கவில்லை. எனினும் ஒரு சிறுமிக்கு அவளது வயது மறுக்கப்படும்போது அவளுக்குரிய பாதுகாப்பும் உடன் பறிபோகிறது என்ற பாடத்தை எமது சமூகம் மிகப் பெரிய விலை கொடுத்தே கற்றது.

இவ்வாறு எழுதும் நாம் குற்றமற்றவர்களா? ஊரில் எமது பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் விநோத உடைப் போட்டி நடைபெறுவதுண்டு. ஔவையாராகவும், பொல்லூன்றிய கிழவியாகவும், மீசை வைத்த பாரதியாராகவும் பெண்பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி வந்து பரிசு பெற்றனர். அவர்களை எவரும் அழகிகளாக வரச் சொல்லவில்லை. அதே போட்டியிற் குறத்தி வேடமும் ஆண்டுதோறும் வந்தது. ஒரு சமூகத்தின் பிழைப்பை வேடிக்கையாக்கி இடையை அசைத்து நடந்த பிள்ளைக்கு நாமும் கைதட்டினோம். தமிழ்நாட்டிற் குறவன் குறத்தி ஆட்டம் ஆபாசமாக்கப்பட்டுத் தமது பெயரைக் கெடுப்பதாகக் குறவர் சமூகத்தினர் நீண்டகாலம் போராடிய பின், 2023 இல் நீதிமன்றம் அதனை ஆபாசமாக மேடையேற்றுவதற்குத் தடை விதித்தது. அவர்களது குரல் எமது மைதானத்துக்கு அன்று எட்டியிருக்கவில்லை; நாமும் செவிசாய்த்திருக்கவில்லை.

வேடமணிந்த பிள்ளைகள் வீடு வீடாகச் செல்வது வளைகுடாவுக்கும் புதிதன்று. அமீரகத்தில் ரமழானுக்கு முந்திய ஷஃபான் மாதத்தின் நடுவில் ‘ஹக் அல் லைலா’ வருகிறது. குவைத்திலும் பஹ்ரேனிலும் ரமழானின் நடுவில் ‘கர்கியான்’, கட்டாரில் ‘கரங்காவோ’ என்ற பெயர்களில் அது வரும். பிள்ளைகள் துணிப்பைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாடியபடி அயலவர் கதவுகளைத் தட்ட, அவர்கள் இனிப்பும் பருப்பு வகைகளும் அள்ளிக் கொடுப்பர். சரிகை வேலைப்பாடு மிக்க சட்டையும் புக்னக் என்னும் தலையணியும் அணிந்த சிறுமிகள் அங்கே சிறுமிகளாகவே ஓடித் திரிகின்றனர். ஆகவே சிறுமியர் வேடமணிவதில் தவறேதும் இல்லை. அவளைச் சிறுமியாக விடாத கண்ணே தவறானது.

எமது பெற்றோருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. ஒக்டோபர் வந்ததும் மகளை ஏசாதீர்கள். அவள் யாராக விரும்புகிறாள் என்று முதலிற் கேளுங்கள். பேயென்றால் உண்மையிலேயே அஞ்சத்தக்க பேயாக அவள் வரட்டும். வைத்தியரென்றால் வெள்ளை மேலங்கியும் இதயத்துடிப்புமானியும் கொடுங்கள். பழைய சேலையொன்றும் ஊசிநூலும் கடையிலுள்ளவற்றைவிட நல்ல உடையைத் தரும். கடையில் வாங்குவதாயின் அடுத்த சுவரிலும் தேடலாம். அதற்குச் சட்டமெதுவும் தடையில்லை.

நாமும் அதையே செய்தோம். ஆண்பிள்ளையின் உறையை எடுத்தபோது தந்தை மறுபடியும் முகஞ் சுளித்தார். “தம்பி, பாவாடையோடை பாய்மரத்திலை ஏறேலுமோ?” என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டுப் பணத்தைச் செலுத்தினார். நீளமாயிருந்த காற்சட்டையைத் தாய் அன்றிரவே மடித்துத் தைத்தார்.

ஹலோவீன் இரவு, பேத்தியுடன் நாமும் படிகள் ஏறி இறங்கினோம். நான்காம் மாடியில் ஒரு கதவைத் திறந்தவர், நீலச் சீருடை அணிந்த பணிப்பெண். வாழைச்சேனையைச் சேர்ந்தவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. “ஐயோ, கள்ளன் வந்திட்டான்” என்று அவர் கைகளை உயர்த்தினார். பேத்தி வாளை நீட்டி, “உள்ள இருக்கிற இனிப்பெல்லாம் எடுங்கோ” என்று அதட்டினாள். அவர் ஒரு கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டு, தம் மகளுக்கும் பத்து வயது, பார்த்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றார். உள்ளேயிருந்து யாரோ அழைக்கவே கதவைச் சாத்தினார்.

பேத்தி வாளை இடுப்பிற் செருகிக்கொண்டாள். அடுத்த கதவைத் தட்டுமுன் எம் பக்கம் திரும்பி, “அந்த அன்ரியின்ர மகள் என்ன வேசம் போட்டிருப்பா?” என்று கேட்டாள்.