பொட்டலம் சுமக்கும் பிள்ளை குற்றவாளியா?

படிவம் 4, 5 மாணவர்களோடு போதைப்பொருள் பற்றிப் பேசினால், "வித்தவன் குற்றவாளி, அவ்வளவுதானே டீச்சர்?" என்று முடித்துவிடுவார்கள். அவ்வளவு சுலபமில்லை என்று விளக்க, இங்கிலாந்தின் 'கவுண்டி லைன்ஸ்' நல்ல எடுத்துக்காட்டு.

'கவுண்டி' என்பது மாவட்டம் மாதிரி. 'லைன்' என்பது போதைப்பொருளுக்கு ஆர்டர் எடுக்கும் கைப்பேசி எண். லண்டன், பர்மிங்ஹாம் போன்ற பெருநகரக் கும்பல்கள் ஹெராயினையும் கிராக் கொக்கேய்னையும் சிற்றூர்களில் விற்கின்றன. தலைவன் பின்னால் இருப்பான். சரக்கோடு போவது பெரும்பாலும் பதின்ம வயதுப் பிள்ளைகள். முதலில் புதுக் காலணி, கைச்செலவுக்குப் பணம் என்று கொடுப்பார்கள். பிறகு கும்பலே ஆள் வைத்துச் சரக்கைப் பறித்துவிட்டு, "தொலைச்சிட்டே, கடனைக் கட்டு" என்று மிரட்டும். அந்தக் கடன் தீரவே தீராது. போகிற ஊரில், தனியாக வாழும் நோயாளி அல்லது போதைக்கு அடிமையானவர் வீட்டைப் பிடித்துக்கொள்வார்கள். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுகிற கதைதான். அதனால் இதற்குக் 'குக்கூயிங்' என்று பெயர்.

போதைப்பொருள் சட்டத்தை மட்டும் பார்த்தால், எளிதில் மாட்டுவது பையில் பொட்டலம் வைத்திருக்கும் பிள்ளைதான். இங்கேதான் 2015-ஆம் ஆண்டின் நவீன அடிமைமுறைச் சட்டம் கைகொடுக்கிறது. அதன் பிரிவு 2-இன்படி, சுரண்டும் நோக்கத்தோடு ஒருவரின் பயணத்துக்கு ஏற்பாடு செய்வதே மனிதக் கடத்தல். நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை. "அவனாதானே வந்தான்" என்ற வாதமும் எடுபடாது. அதிகபட்சத் தண்டனை ஆயுள் சிறை. 2018-இல், பர்மிங்ஹாமிலிருந்து லிங்கன் நகருக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விற்க வைத்த 21 வயது இளைஞனுக்கு இந்தச் சட்டத்தின் கீழ் 14 ஆண்டு சிறை கிடைத்தது.

பிரிவு 45 பிள்ளைக்குக் கேடயம். சுரண்டலின் நேரடி விளைவாகக் குற்றம் செய்த 18 வயதுக்குட்பட்டவர், தம்மைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று காட்டக்கூடத் தேவையில்லை. ஆனால், கொலை போன்ற கடுங்குற்றங்களுக்கு இது செல்லாது.

சிக்கலும் உண்டு. பல பிள்ளைகள் தங்களைப் பாதிக்கப்பட்டவர்களாகவே நினைப்பதில்லை. சாட்சி சொல்லவும் பயம். ஆகவே கைப்பேசிப் பதிவு, பயண விவரம் போன்றவற்றை வைத்துத்தான் வழக்கைக் கட்ட வேண்டியிருக்கிறது.

வகுப்பு விவாதத்துக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: பயத்தில் சொல்லும் 'சரி', சம்மதம் ஆகுமா?