சங்கத் தலைவரின் சொல்வன்மை

கூட்டுறவுச் சங்கத்தின் தலைவராகவோ காரியதரிசியாகவோ தேர்ந்தெடுக்கப்படுகிறவருக்குக் கணக்கறிவும் நாணயமும் இருந்தால் போதும் என்று நம்மில் பலர் கருதுகிறோம். அவ்விரண்டும் இன்றியமையாதனவே. ஆயினும், சங்கத்தின் நிலைமையை அங்கத்தினருக்கு விளங்குமாறு எடுத்துரைக்கும் திறனும், அவர்கள் கூறுவதைப் பொறுமையுடன் கேட்கும் பண்பும் இல்லாவிடில், நேர்மையான கணக்கும் சந்தேகத்திற்கு இடமாகிவிடும். இதற்குக் குஜராத்தின் கேடா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர் வரலாறு தக்க சான்றாகும்.

1940களில் அம்மாவட்டத்துப் பால் ஆனந்திலிருந்து பம்பாய் நகருக்குச் சென்றது. கொள்முதல் ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. மாடு வளர்த்தவர்க்குக் கிடைத்ததோ சொற்பம். குடியானவர்கள் சர்தார் வல்லபபாய் பட்டேலிடம் முறையிட்டனர். சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். அதற்குச் சர்க்கார் இணங்காவிடில் பால் விற்பனையை நிறுத்தவேண்டும், அதனால் நஷ்டம் நேரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

1946 ஜனவரியில் சமர்கா கிராமத்தில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் கூட்டம் நடைபெற்றது. கிராமந்தோறும் சங்கம், அவற்றிற்கெல்லாம் மேலாக ஒரு யூனியன் என்று தீர்மானித்தனர். கோரிக்கை மறுக்கப்படவே, 15 நாட்கள் பால் விற்பனையை நிறுத்தினர். அன்றாடம் பாலை நம்பிப் பிழைத்தவர்கள் அந்நஷ்டத்தை எவ்வாறு பொறுத்தனர்? வரப்போகும் துன்பம் முன்னரே அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. அதை ஏற்பதென்ற முடிவு அவர்களுடையதாகவே இருந்தது. 1946 டிசம்பர் 14இல் யூனியன் பதிவு பெற்றது. பின்னர் 'அமுல்' என்று புகழ்பெற்றது இதுவே.

அதன் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல் கிராமம் கிராமமாகச் சென்று குடியானவர்களோடு பேசி அவர்களைச் சேர்த்தவர். 1949இல் ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியன், சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர். இயந்திரமும் விற்பனையும் அவர் பொறுப்பு. அங்கத்தினரின் நம்பிக்கையைக் காப்பது தலைவர் பொறுப்பு. எல்லாத் திறமையும் ஒருவரிடமே அமையவேண்டியதில்லை என்பதற்கு இவ்விருவரும் உதாரணம். 1963இல் ரமோன் மகசேசே விருது இவர்களுக்கும் தாரா குரோடிக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

பேச்சுக்கு மட்டும் மயங்கி எவரும் நெடுநாள் நிற்கமாட்டார். அச்சங்கங்களில் அங்கத்தினர் கண்ணெதிரிலேயே பால் அளக்கப்பட்டது. கொழுப்புச் சத்தைச் சோதித்து அதற்கேற்ப விலை கொடுக்கப்பட்டது. தலைவர் சொன்னதை ஏழை அங்கத்தினரும் தாமே சரிபார்த்துக்கொள்ள முடிந்தது.

நம் சங்கங்களிலோ, மகாசபையில் ஐந்தொகையை விரைவாக வாசித்துவிட்டு, "சம்மதந்தானே?" என்று கேட்பதும், கைகள் உயர்வதும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டன. இது பேச்சும் அன்று, சம்மதமும் அன்று. நூலை என்ன விலைக்கு வாங்கினோம், ஒரு சேலைக்குக் கூலி எவ்வளவு சேர்ந்தது, விற்காமல் தேங்கிய சரக்கு எவ்வளவு என்று சொன்னால் நெசவாளர் அனைவருக்கும் விளங்கும். உரத்தின் அடக்கவிலையையும், விளைபொருள் விற்ற விலையையும், கழித்த செலவையும் சொன்னால் பயிரிடுவோர்க்கு விளங்கும். நஷ்டம் இருப்பின் அதையே முதலிற் சொல்லவேண்டும். பிறர் வாயிலாக அது வெளிப்பட்டால், பிறகு கூறும் சமாதானம் எடுபடாது.

கேட்பதும் தலைமையின் பாதியாகும். முன்வரிசையில் அமர்ந்தவர்களே பேசிக் கூட்டம் முடிதல் ஆகாது. பின்வரிசையில் இருக்கும் சிறு குடியானவரையும், தறியில் உழைக்கும் பெண் அங்கத்தினரையும் பேசுமாறு தலைவரே அழைக்கவேண்டும். அவர்கள் கேட்ட கேள்வியைப் புத்தகத்தில் குறித்து, அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் விடை கூறவேண்டும்.

அங்கத்தினர்களே, நமக்கும் கடமை உண்டு. விளங்காத கணக்கிற்குக் கை உயர்த்தாதிருப்போம். மரியாதையுடன், ஆனால் அச்சமின்றிக் கேட்போம். நல்ல தலைவர் அக்கேள்வியை வரவேற்பார்.