விரிதாளிலிருந்து முகவரி ஏட்டிற்கு

நுழையும்முன்

ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டிற்குப் பெயர்த்தெழுதும்போது பிழை புகுவதைச் சுவடிப் பதிப்பாசிரியர்கள் நன்கறிவர். இன்று கணினியிலும் தகவல்கள் ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றிற்கு நாள்தோறும் பெயர்கின்றன. அங்கு நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை, பட்டியலை நாம் அமைத்த முறையிலிருந்தே பிறக்கின்றன. விரிதாளில் உள்ள தொடர்பு விவரங்களை மின்னஞ்சல் மென்பொருளின் முகவரி ஏட்டில் சேர்க்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பட்டியலும் முகவரி ஏடும்

ஒரு மேல்நிலைப்பள்ளி தன் நூற்றாண்டு விழாவிற்கு முன்னாள் மாணவர் நானூறு பேரை மின்னஞ்சல்வழி அழைக்க விரும்புகிறது எனக் கொள்வோம். அவர்களுடைய பெயர், மின்னஞ்சல் முகவரி, தொலைபேசி எண், இருப்பிடம் ஆகியவை ஒரு விரிதாளில் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் தட்டச்சு செய்வது காலத்தை வீணாக்கும்; பிழைக்கும் இடந்தரும். மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் மடல் உரியவரைச் சேராது; சிலவேளை முன்பின் அறியாத ஒருவரைச் சென்றடையும்.

பட்டியல் முழுவதையும் ஒரே முறையில் முகவரி ஏட்டிற்குக் கொண்டுவருவதையே ‘இறக்குமதி’ என்கிறோம். இறக்குமதி என்பது படியெடுத்தலே ஆகும். அதன்பின் விரிதாளில் செய்யும் திருத்தம் முகவரி ஏட்டில் தானாக இடம்பெறாது. எனவே, திருத்தங்களை முன்னரே செய்து முடித்தல் நன்று.

இடைநின்று உதவும் கோப்பு

விரிதாளில் எழுத்தின் நிறம், கட்டத்தின் அகலம், கணக்கிடும் வாய்பாடு எனப் பல உள்ளன. முகவரி ஏட்டிற்கு இவை தேவையில்லை. ஆகவே, இரண்டிற்கும் பொதுவான ஓர் எளிய கோப்பு வடிவம் பயன்படுகிறது. அதனைச் ‘சி.எஸ்.வி.’ என்பர், காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட மதிப்புகள் என்பது அதன் பொருள். இக்கோப்பில் ஒரு வரி ஒருவருக்கு உரியது. ஒரு விவரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைக் காற்புள்ளி காட்டும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ‘12, வடக்கு வீதி, மதுரை’ என்னும் முகவரிக்குள்ளேயே காற்புள்ளிகள் உள்ளனவே, கணினி அதனை மூன்று விவரங்களாகப் பிரித்துவிடாதா? பிரித்துவிடும். அதனைத் தவிர்க்கவே அத்தகைய விவரம் முழுவதும் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் அமைக்கப்படுகிறது. விரிதாள் மென்பொருள் கோப்பைச் சேமிக்கும்போது இக்குறிகளைத் தானே இட்டுக்கொள்ளும். நாமே கையால் எழுதும் கோப்பில் நாம்தாம் இட வேண்டும்.

இடமே பொருள் தரும்

‘கண்ணன் வேலனை அழைத்தான்’ என்றாலும் ‘வேலனைக் கண்ணன் அழைத்தான்’ என்றாலும் பொருள் மாறுவதில்லை. ‘ஐ’ என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு, அழைக்கப்பட்டவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. சி.எஸ்.வி. கோப்பில் உள்ள விவரங்களுக்கு இத்தகைய உருபு எதுவும் இல்லை. மூன்றாம் இடத்தில் இருப்பது தொலைபேசி எண்ணா, அஞ்சல் குறியீட்டு எண்ணா என்பதைக் கணினி பொருளால் உணராது. அது நிற்கும் இடத்தைக் கொண்டே கொள்ளும். அந்த இடத்திற்குப் பெயர் தருவது முதல் வரியாகிய தலைப்பு வரியே. வேற்றுமை உருபு செய்யும் பணியை இங்குத் தலைப்பு வரி செய்கிறது எனலாம்.

ஆகவே, தலைப்பு வரி விரிதாளின் முதல் வரியாகவே இருத்தல் வேண்டும். அதற்கு மேல் பள்ளியின் பெயரோ பட்டியலின் பெயரோ இருப்பின் நீக்க வேண்டும். இணைக்கப்பட்ட கட்டங்களையும் இடையிலுள்ள வெற்று வரிகளையும் களைய வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரு விவரமே இருக்க வேண்டும்.

பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்துவது பெருந்தவறாகும். பெயர்கள் இடம் மாறும். முகவரிகள் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒருவர் பெயருக்கு எதிரே மற்றொருவரின் முகவரி அமைந்துவிடும். பார்வைக்குப் பட்டியல் ஒழுங்காகவே தோன்றுமாதலின், இப்பிழையைக் கண்டறிவது அரிது. அகரவரிசைப்படுத்தும்போது அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழ்ப்பெயரும் இரு நெடுவரிசைகளும்

மின்னஞ்சல் மென்பொருள்கள் பலவும் பெயரை ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என இரண்டாகக் கேட்கின்றன. தமிழ் மரபில் பெயருக்கு முன் நிற்கும் தலைப்பெழுத்து பெரும்பாலும் குடும்பப்பெயரைக் குறிப்பதில்லை. உ.வே. சாமிநாதர் என்னும் பெயரில் ‘உ’ என்பது உத்தமதானபுரம் என்னும் ஊரையும், ‘வே’ என்பது தந்தையார் வேங்கடசுப்பையரையும் குறிக்கும். இவ்வெழுத்துகளைக் குடும்பப்பெயர் நெடுவரிசையில் இட்டால், மென்பொருள் ‘சாமிநாதர் உ.வே.’ எனக் காட்டக்கூடும். குடும்பப்பெயரை முதன்மையாகக் கொண்டு வரிசைப்படுத்தினால் ‘சா’வில் தேடுவோருக்கு அப்பெயர் கிட்டாது.

இதற்கு எளிய வழி உண்டு. தலைப்பெழுத்துடன் கூடிய முழுப்பெயரையும் ‘காட்சிப்பெயர்’ என்னும் புலத்தில் அமைக்கலாம். அப்புலம் இல்லாதவிடத்து முதற்பெயர்ப் புலத்திலேயே அமைத்துக் குடும்பப்பெயரை வெறுமையாக விடலாம். எவ்வழியைக் கொண்டாலும் பட்டியல் முழுவதும் அதனையே பின்பற்ற வேண்டும்.

எழுத்துச் சிதையாமை

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. எந்த எழுத்திற்கு எந்த எண் என்னும் உடன்பாடே குறியாக்கம். முற்காலத்தில் தமிழுக்குப் பல குறியாக்கங்கள் வழங்கியமையால், ஒரு கணினியில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலாத நிலை இருந்தது. ஒருங்குறி அந்நிலையை மாற்றியது. இன்று அதனைக் கோப்பில் எழுதப் பரவலாகப் பயன்படும் முறை ‘யூ.டி.எஃப்.-8’ ஆகும்.

‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகும். யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகளாகப் பதினைந்து பைட்டுகள் தேவை. இக்கோப்பை வேறு குறியாக்கத்தில் திறந்தால் பொருளற்ற அயல் எழுத்துகளின் குவியல் தோன்றும். அது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. உரிய குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து மீண்டும் திறந்தால் தமிழ் திரும்பக் கிடைக்கும். ஆனால், தமிழ் எழுத்துகளே இல்லாத குறியாக்கத்தில் சேமித்துவிட்டால், எழுத்துகள் வினாக்குறிகளாக மாறிவிடும். அவற்றிலிருந்து பெயர்களை மீட்க இயலாது. எனவே, மூல விரிதாளை எப்போதும் தனியே பாதுகாத்து வைத்தல் வேண்டும்.

எண்ணா, எழுத்தா?

தொலைபேசி எண் பெயரளவில் எண்ணே ஆயினும் அதனை எவரும் கூட்டுவதோ பெருக்குவதோ இல்லை. விரிதாள் இதனை அறியாது. சென்னையின் தொலைபேசிக் குறியீடாகிய ‘044’ என்பதனை எண்ணாகக் கருதி முன்னுள்ள சுழியத்தை நீக்கி ‘44’ ஆக்கிவிடும். நாட்டுக்குறியீட்டுடன் கூடிய பன்னிரண்டு இலக்க எண்ணைச் சுருக்க வடிவில் காட்டவும் கூடும். அவ்வாறே சேமித்தால் இறுதி இலக்கங்கள் அழிந்துபோகும். எண்களை உள்ளிடுவதற்கு முன்னரே அந்நெடுவரிசையை ‘உரை’ வடிவத்திற்கு மாற்றுவதே இதற்குத் தீர்வாகும்.

இறக்குமதி செய்யும் முறை

லிப்ரேஆபிஸ் கால்க் மென்பொருளில் ‘வேறு பெயரில் சேமி’ என்பதைத் தேர்ந்து, கோப்பு வகையாக ‘உரை சி.எஸ்.வி.’ என்பதைக் கொள்ள வேண்டும். குறியாக்கம் யூ.டி.எஃப்.-8 எனவும், பிரிப்பான் காற்புள்ளி எனவும் அமைய வேண்டும். எக்செல் மென்பொருளில் ‘சி.எஸ்.வி. யூ.டி.எஃப்.-8’ என்னும் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கோப்பில் பல தாள்கள் இருப்பினும், அப்போது திறந்திருக்கும் தாளை மட்டுமே சேமித்தல் இயல்பு.

தண்டர்பேர்டு மென்பொருளில் ‘இறக்குமதி’ என்னும் பகுதிக்குச் சென்று, முகவரி ஏட்டிற்கான சி.எஸ்.வி. கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் நெடுவரிசைகளைப் பொருத்தும் திரை தோன்றும். முதல் வரி தலைப்பு என்பதைக் குறித்து, விரிதாளின் ஒவ்வொரு நெடுவரிசையையும் அதற்குரிய புலத்துடன் பொருத்த வேண்டும். கூகுள் தொடர்புகள் சேவை தலைப்புகளின் பெயரைக் கொண்டே புலங்களை அறிந்துகொள்கிறது. எனவே, முதலில் ஒரு தொடர்பை அதிலிருந்து ஏற்றுமதி செய்து, அக்கோப்பின் தலைப்பு வரியை மாதிரியாகக் கொள்வது தக்கது.

முழுப்பட்டியலையும் இறக்குமதி செய்வதற்கு முன் ஐந்து பேரை மட்டும் கொண்டு சோதித்தல் நலம். அவர்களுள் தமிழில் பெயர் எழுதியவர், முகவரியில் காற்புள்ளி உடையவர், சுழியத்தில் தொடங்கும் எண் உடையவர் ஆகியோர் இடம்பெறட்டும். பழைய தொடர்புகளோடு கலவாமல் புதிய முகவரி ஏடொன்றில் சேர்த்தால், பிழை நேரினும் அதனை மட்டும் நீக்கிவிடலாம்.

பிறர் விவரமும் நம் பொறுப்பும்

ஒருவர் தம் முகவரியைத் தருவது ஒரு நோக்கத்தைக் கருதியே ஆகும். விழா அழைப்பிற்காகப் பெற்ற முகவரியை விற்பனை விளம்பரத்திற்குப் பயன்படுத்துதல் முறையன்று. தனிநபர் தரவைக் குறிப்பிட்ட நோக்கத்திற்காக ஒப்புதலுடன் கையாள்வதையும், அவ்வொப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையையும் இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 வலியுறுத்துகிறது.

நானூறு பேரின் முகவரிகளைப் பெறுநர் கட்டத்தில் இட்டு ஒரே மடலை அனுப்பினால், ஒவ்வொருவரின் முகவரியும் மற்ற அனைவருக்கும் தெரிந்துவிடும். அனுப்பிய மடலை மீட்பது அரிது. ‘மறைநகல்’ கட்டத்தில் இட்டால் முகவரிகள் பிறர் கண்ணில் படா. பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதருக்குரியது என்பதைக் கணினி அறியாது. அதனைக் கையாளும் நாம் அறிவோம்.

தெரியுமா?

கணினி வலையமைப்பின் வழியே முதல் மின்னஞ்சலை 1971இல் அனுப்பியவர் ரே டாம்லின்சன். தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருளாகிய விசிகால்க் 1979இல் வெளிவந்தது. அதனை உருவாக்கியோர் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் ஆகியோர். யூ.டி.எஃப்.-8 முறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வடிவமைத்தனர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வகுப்பு நூலகத்தில் உள்ள பத்து நூல்களின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு ஆகியவற்றை விரிதாளில் அமைத்து, சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்து, தமிழ் எழுத்துகள் சிதையாமல் உள்ளனவா எனச் சோதிக்க.

2. தமிழறிஞர் ஐவரின் தலைப்பெழுத்துகள் ஊரைக் குறிக்கின்றனவா, தந்தை பெயரைக் குறிக்கின்றனவா எனக் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.

3. ‘பிறர் தரவைப் பேணுதல்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.