பெட்டிக்குள் அடிக்கும் வெயில்!

பெங்களூர், "ஏர்கண்டிஷன் ஊர்" என்ற பெயர் வாங்கிய நகரம். அது பழைய கதை. 2016 ஏப்ரலில் இங்கே வெப்பம் 39.2 டிகிரியைத் தொட்டது. 2024 ஏப்ரலிலும் 38 டிகிரியைத் தாண்டியது. மனிதருக்கே தாங்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஓடும் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

எங்கள் வீட்டுப் பெட்டி, பகல் 2 மணியானால் தானாக அணைந்துவிடும். மகள் கல்லூரிக்கு அனுப்பவேண்டிய கட்டுரை பாதியில் போயிற்று. அவள் கண் கலங்கிவிட்டாள். ரிப்பேர்காரர் ஒருவர், "போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்றார். கையில் ஏது அவ்வளவு பணம்?

பழுதல்ல, தற்காப்பு

பிராசசர் சிப் 100 டிகிரியை நெருங்கினால், பெரும்பாலும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் அணைந்துவிடும். இது தெரிந்தபின், பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பஞ்சு மெத்தை போலத் தூசி!

மூடியில்லாமல் டேபிள் ஃபேனை எதிரே வைத்து ஓட்டினோம். பலன் இருந்தது. ஆனால், ஃபேன் காற்றோடு தூசியும் உள்ளே போகும். குழந்தைகள் கைவிடும் ஆபத்தும் உண்டு. அது அவசரத்துக்கு மட்டுமே.

என்ன செய்யலாம்?

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டுங்கள். அப்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சிப்புக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே உள்ள பசை, நாளடைவில் காய்ந்துவிடும். பழையதைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பசை வைத்தால் போதும். பசையும் 120 மில்லிமீட்டர் விசிறியும் எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைக்கும். விசிறியைப் பின்பக்கம், சூடான காற்றை வெளியே தள்ளும்படி மாட்டவேண்டும். முன்பக்கம் குளிர்ந்த காற்று நுழைய வழி வேண்டும். கதவுள்ள மேசைக்குள் பெட்டியை அடைக்காதீர்கள். சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

ஈரத்துணி, ஐஸ் வேண்டாம். நீர் கோர்த்து போர்டு கெடும். பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

எத்தனை விசிறி வைத்தாலும், அறையின் வெப்பத்துக்குக் கீழே சிப் குளிராது. ஆகவே வீட்டில் நிழலான மூலையைப் பெட்டிக்குக் கொடுங்கள். எங்கள் பெட்டி இந்தக் கோடையில் ஒருமுறைகூட அணையவில்லை. புதிது வாங்கக் கடன் கேட்டு அலையுமுன், ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள்!