சீனி காலைத் தின்பதில்லை

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் சீனி வருத்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது கடைசியில் காலில் வந்துதான் நிற்கும். சீனி வந்தால் கால் போகும் என்பது அங்கே பலருக்கு ஜாதகத்தில் எழுதியதைப் போன்ற ஒரு முடிவு. ஆனால் இரத்தத்தில் கூடிய சீனி தானாகவே போய் விரலை அழுக வைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் அது பாதத்தின் உணர்வு நரம்புகளை மெல்ல மெல்ல மழுங்கடிக்கிறது, காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களைச் சுருக்குகிறது. அதற்குப் பிறகு ஒரு கல்லோ, கவ்வாத்து மலையில் வெட்டிப் போட்ட குச்சியோ, செருப்பு வாரோ ஒரு சிறு காயத்தை உண்டாக்குகிறது. வலித்திருந்தால் அன்றைக்கே நொண்டியிருப்பார்கள். வலிக்காததால் அதே காயத்தை மிதித்துக்கொண்டு மலை ஏறி இறங்குகிறார்கள். காலைக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்த நடைதான். சீனிதான் தின்கிறது என்று நம்பினால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. காயமும் அதன்மேல் நடந்த நடையுமே காரணம் என்றால், வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

இந்த உண்மை வெளிப்பட்டதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேயர், 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் சதையை அழுக வைக்கிறது என்றுதான் அப்போது எல்லாரும் நினைத்தார்கள். அவரோ தொழுநோயாளரின் ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று துருவிப் பார்த்தார். சூடான பாத்திரத்தைத் தொட்டதும், செருப்புக்குள் ஆணி ஏறியதும், ஒரே இடம் மறுபடி மறுபடி அழுத்தப்பட்டதும் காரணங்களாக வெளிவந்தன. சிலர் காலையில் விரலில் சதை குறைந்து எழுந்தார்கள். இரவில் எலி கடித்திருந்தது, தூக்கத்தில் அது அவர்களுக்கு உறைக்கவே இல்லை. வீடு திரும்புகிறவர்களோடு பூனையையும் அனுப்பிவைத்தார்கள்! பிறகு 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அதே விளக்கம் நீரிழிவுக்காரரின் பாதத்துக்கும் பொருந்துவதைக் காட்டினார். நோய்கள் வேறு, ஆனால் வலி போன கால் படும் பாடு ஒன்றேதான். நீரிழிவுக்காரரின் காலை எலி கடிப்பது தான்சானியா மருத்துவர்களின் பதிவுகளிலும் உண்டு. எலி ஓடும் லயக் காம்பராவில் தரையில் படுக்கிறவர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல.

“எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு, எல்லாம் தெரியுது” என்பது முதலில் வரும் மறுப்பு. உணர்வு ஒரே நாளில் அணைந்துவிடுவதில்லை, நுனி விரலில் தொடங்கி மெல்ல மேலேறுகிறது. அதனால் இழந்தவருக்கே இழந்தது தெரிவதில்லை. இலங்கையில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, அப்போதுதான் நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டவர்களிலேயே கால்வாசிக்கு மேற்பட்டோருக்கு நரம்புப் பாதிப்பின் அறிகுறிகளைக் கண்டது. நம் காலைச் சோதிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். கண்ணை மூடிப் படுத்திருப்பவரின் இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை வீட்டில் ஒருவர் தன் ஆட்காட்டி விரலால் ஓரிரு வினாடி மெதுவாகத் தொட வேண்டும். குத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்ததும் அவர் சொல்ல வேண்டும். ஆறு தொடுகையில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது, அடுத்த கிளினிக்கில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவான முறை இது. பேரப்பிள்ளைகூடச் செய்யலாம்.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. பாட்டன் பாட்டி காலத்திலிருந்து வெறுங்காலோடு மலையேறியவர்கள்தானே, ஈர மண்ணில் விரல் ஊன்றினால்தானே பிடி கிடைக்கும், செருப்பு வழுக்கிவிடுமே என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. வழுவழுப்பான அடியுள்ள ரப்பர் செருப்பு சரிவில் ஆளைத் தள்ளிவிடும், அது குதிகாலையோ விரலையோ காப்பதும் இல்லை. ஆனால் பாட்டிக்குப் பிடி கொடுத்தது உணர்வுள்ள விரல். உணர்வு போன பாதம் மண்ணைச் சரியாக அறிவதில்லை. அதோடு, வெறுங்காலுக்குக் கவசம் என்று நாம் நினைக்கும் தடித்த தோல், மரத்த பாதத்தில் எதிரியாகிவிடுகிறது. காய்ப்புக்கு அடியில் அழுத்தம் கூடிக் கூடி உள்ளேயே இரத்தம் கசிகிறது, வெளியே ஒன்றும் தெரிவதில்லை. ஆகவே விரலை மூடி, பின்புறமும் பிடித்து நிற்கும், அடியில் வரியுள்ள சப்பாத்துதான் வேண்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பார்த்து வாங்குவது நல்லது. போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டுத் துழாவ வேண்டும். காலுக்குத் தெரியாத கல் கைக்குத் தெரியும்.

பதுளை அடங்கிய ஊவாவின் பருவங்களும் காலை வேறுவேறு வழிகளில் சோதிக்கின்றன. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கித் தரும் மணத்தைக் கொடுக்கிறது. குதிகாலைப் பிளக்க வைப்பதும் அதே காற்று. படுக்கப் போகும்போது குதியிலும் உள்ளங்காலிலும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் வெடிப்பு ஆழமாகாது, விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. வடகீழ் மழை தொடங்கியதும் தொல்லை இடுக்குக்கு மாறும். நாளெல்லாம் ஊறிய தோல் வெளுத்துப் பிய்கிறது, சேற்றுப்புண் வருகிறது. கழுவிய பின் பழைய பருத்தித் துணியால் ஒவ்வோர் இடுக்கையும் ஒற்றி எடுக்க வேண்டும். அட்டை கடித்த இடம் வெகுநேரம் கசியும், பிறகு அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும். அட்டையை விழச்செய்ய வெற்றிலைச் சுண்ணாம்பைத் தேய்த்தால் மரத்த தோல் வெந்துபோகும். பண்டாரவளை, அப்புத்தளைக் குளிரில் அடுப்படியில் கால் நீட்டுவதும், சுடுதண்ணீரில் பாதத்தை ஊறவைப்பதும் இன்னொரு கேடு. தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது, சீனி இல்லாத ஒருவரின் கையால் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் தோட்டத்து மக்கள் செய்துவிடலாம். செய்ய முடியாமல் போவது ஓய்வுதான். பாதத்தில் புண் வந்தால் அதன்மேல் பாரம் விழாமல் வைத்திருப்பது மருந்தளவுக்கு முக்கியம். ஆனால் கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்; வேலைக்குப் போகாவிட்டால் அந்தப் பேரும் இல்லை. லுணுகலை, மதுல்சீமைப் பக்கமிருந்து பதுளை ஆசுபத்திரிக்குப் போய்வர ஒரு நாள் முழுதும் போய்விடும். வலிக்காத ஒரு புண்ணுக்காக ஒரு நாள் பேரை விடச் சொன்னால் யார் விடுவார்? இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது அநியாயம், அவர்கள் போடும் கணக்கு அப்படி. கிளினிக் கொப்பியில் சீனி அளவை எழுதுவதோடு, வருகிறவரின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தையும் பார்த்தால், அதையும் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே செய்தால், அந்தக் கணக்கு மாறும். காலில் புண்ணோடு வருகிறவருக்கு ஆறும்வரை பிள்ளைக்காம்பராவிலோ ஸ்டோரிலோ உட்கார்ந்து செய்யும் வேலை கொடுப்பது கம்பனிக்குப் பெரிய இழப்பாகாது. பழகிய கொழுந்துக்காரி ஒருவரை நிரந்தரமாக இழப்பதுதான் இழப்பு.

“ஆசுபத்திரிக்குப் போனால் காலை எடுத்துடுவாங்க” என்ற பயமும் பலரைத் தடுத்து வைத்திருக்கிறது. கால் எடுக்கப்பட்டவர்களைக் கண்ணால் கண்ட பயம் அது, பொய்யில்லை. ஆனால் அவர்களில் பலர் போனது விரல் கறுத்து, நாற்றம் அடித்து, காய்ச்சலும் வந்த பிறகு. புண் சிறிதாக இருக்கும்போதே போனவர்கள் மருந்து கட்டிக்கொண்டு வீடு திரும்பிவிடுவதால் அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, விரல் நிறம் மாறினாலோ, காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகி வீங்கினாலோ கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்கக் கூடாது, அன்றைக்கே போய்விட வேண்டும், அதுவும் அந்தக் காலை ஊன்றி நடக்காமல்.